கணியம்பாடில இருந்து வேலூருக்கு இருட்டுல சைக்கிள், முன் லைட்டு எது வாங்கலாம்?

ஆறுமணி_ஷிஃப்ட்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்பதான் மொத தடவ கேக்குறேன், ஏற்கெனவே பேசுன விஷயமா இருந்தா கோவிச்சுக்காதீங்க.

எனக்கு கணியம்பாடி பக்கத்துல கிராமம், வேலூர்ல ஒரு லேப்ல வேல, ஷிஃப்ட்டு காலைல ஆறு மணிக்கு. அந்த நேரத்துல பஸ்ஸு வந்தா வரும் வராட்டி இல்ல, வீட்டு வண்டிய தம்பி பாலுக்கு எடுத்துட்டு போயிடுறான், அதனால ஆடி மாசத்துல இருந்து நமக்கு சைக்கிள்தான். நாலே முக்காலுக்கு கெளம்பி அடுக்கம்பாறை, இடையன்சாத்து, பாகாயம், தொரப்பாடின்னு மிதிச்சா அஞ்சே முக்காலுக்கெல்லாம் உள்ள பூந்துடலாம். ஆடி ஆவணில ஒண்ணும் தெரியல, பாகாயம் வரும்போதே வெளுத்துடும். இப்ப தை, கெளம்புறதுல இருந்து போய் சேர்ற வரைக்கும் முழுசா இருட்டு, கூடவே பனி.

தீபாவளி ஆஃபர்ல ஆன்லைன்ல 549 ரூபாய்க்கு ஒரு லைட்டு வாங்குனேன். பெட்டி மேல 2000 லூமென்ஸ், 6 மணி நேரம், வாட்டர்ப்ரூஃப்னு எல்லாம் பெருசு பெருசா போட்டிருந்தான், பேட்டரி 1200 எம்ஏஹெச்னு மட்டும் ஓரமா பொடி எழுத்துல. ஒரு மாசம் நல்லாத்தான் எரிஞ்சுது. போன வாரம் இடையன்சாத்து தாண்டி வரும்போது மங்கவும் இல்ல மினுக்கவும் இல்ல, பட்டுன்னு அணைஞ்சுடுச்சு. ரோட்டு மேல நெல்லு காய வெச்சுட்டு சுத்தி கல்லு அடுக்கி வெப்பாங்கல்ல, நெல்ல அள்ளிட்டு போனவங்க கல்ல அப்படியே வுட்டுட்டு போயிருக்காங்க, நான் பிரேக்க புடிக்கிறதுக்குள்ள முன் சக்கரம் அதுல ஏறி நான் ஒரு பக்கம் சைக்கிள் ஒரு பக்கம். முழங்கை தோலு போச்சு, ரிம்மு கோணிகிச்சு, கோட்டம் எடுக்க 150 ரூபா, ரெண்டு போக்ஸ் கம்பி தனி. பின்னாடி லாரி எதுவும் வரல, அது வரைக்கும் புண்ணியம்.

இப்ப விஷயம் இன்னான்னா, 2000 ரூபா வரைக்கும் போடலாம்னு இருக்கேன், நல்லதா இருந்தா ஒரு ஐநூறு கூட. எத்தன லூமென்ஸ் வேணும் எனக்கு? எதிர்ல வர்ற பஸ்ஸுக்காரன் ஹைபீம் போட்டா எனக்கு ரோடே தெரியல, அதுக்கு நானும் பெரிய லைட்டா போட்டுட்டா சரியா வருமா? ப்ளிங்க்ல, அதான் மினுக்குற மோடுல வுட்டா பேட்டரி ரொம்ப நேரம் வருதே, அப்படியே ஓட்டலாமா? எங்க பெரியப்பா டைனமோ போடுறான்றாரு, அதெல்லாம் இப்ப கெடைக்குதா?

பாலாத்தங்கர

மொதல்ல கை எப்படி இருக்கு ப்ரோ, டிடி ஊசி போட்டுகிட்டீங்களா?

உங்க பெட்டி கணக்க பாத்ததும் சிரிப்பு வந்துடுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க, நானும் இதே மாதிரி ஏமாந்தவன்தான். கணக்கு ரொம்ப சிம்பிள். லித்தியம் பேட்டரி சராசரியா 3.7 வோல்ட்டு. 1200 எம்ஏஹெச்னா 1.2 ஆம்பியர் அவர், 3.7 ஆல பெருக்குனா சுமாரா நாலரை வாட் அவர், அதாவது நாலரை வாட்டு லைட்ட ஒரு மணி நேரம் எரிக்கிற சரக்கு. சைக்கிள் லைட்டுல வர்ற எல்ஈடி, லென்ஸு சர்க்கியூட்டுன்னு எல்லா கழிவும் போக ஒரு வாட்டுக்கு சுமாரா 100 லூமென்ஸ் தரும்னு வெச்சுக்கங்க. அப்ப உங்க பேட்டரில மொத்தமா இருக்குறதே 450 லூமென்ஸ ஒரு மணி நேரம் எரிக்கிற அளவு சரக்குதான். 2000 லூமென்ஸ் 6 மணி நேரம் எரியணும்னா 120 வாட் அவர் வேணும், அதாவது உங்களோடது மாதிரி 27 பேட்டரி. சைக்கிள் கேரியர்ல மூட்ட கட்டி எடுத்துட்டு போகணும்.

பட்டுன்னு அணைஞ்சதுக்கும் காரணம் இதுதான். லித்தியம் செல்லு ஃபுல்லா இருக்கும்போது 4.2 வோல்ட்டு, காலியாக காலியாக எறங்கி மூணு கிட்ட வந்ததும் உள்ள இருக்குற ப்ரொடெக்‌ஷன் சர்க்கியூட்டு கட் பண்ணிடும், செல்லு கெட்டுப்போகாம இருக்க அப்படித்தான் பண்ணணும். ஆனா நல்ல லைட்டுல அதுக்கு முன்னாடியே சுவிட்ச் மேல சிவப்பு காட்டும், இல்லன்னா தானா கம்மி வெளிச்சத்துக்கு எறங்கி ஒரு அரை மணி நேரமாச்சும் வீடு சேர வுடும். இந்த ஒண்ணு இருக்கான்னு பாத்து வாங்குங்க, லூமென்ஸ் அப்புறம்.

லூமென்ஸ்ன்றது லைட்டுல இருந்து வெளிய வர்ற மொத்த வெளிச்சம், அவ்ளோதான். அது எங்க போய் விழுதுன்னு அந்த நம்பர் சொல்லாது. உங்களோடது டார்ச் மாதிரி வட்டமா அடிக்கிற லைட்டு, கரெக்டா? அதுல பாதி ரோட்டுல விழும், மீதி பாதி மேல போகும். ஆரணி ரோட்டு புளியமரத்துல எத்தன எல இருக்குன்னு எண்ணறதுக்கா நாம துட்டு குடுக்குறோம்? அந்த மேல போற பாதிதான் எதிர்ல வர்றவன் கண்ணுலயும் அடிக்குது.

இதுக்குத்தான் கட் ஆஃப் பீம்னு வருது, கார் லோ பீம் மாதிரி மேல் பக்கம் கோடு போட்டு வெட்டுன மாதிரி இருக்கும், எல்லா வெளிச்சமும் அதுக்கு கீழதான். ஜெர்மனில சைக்கிளுக்கே இது சட்டம், எஸ்டிவிஇசட்ஓன்னு சொல்லுவாங்க, எதிர்ல வர்றவங்க கண்ண கூசக்கூடாது, 10 மீட்டர்ல குறைஞ்சது 10 லக்ஸாவது இருக்கணும், சைக்கிள்ல ப்ளிங்க் கூடாது. பாஸ் ஆன லைட்டு மேல ஒரு நெளிஞ்ச கோடும் பக்கத்துல கே எழுத்தும் நம்பரும் இருக்கும். லக்ஸ்ன்றது வெளிச்சம் போய் விழுற எடத்துல எவ்ளோன்ற கணக்கு, நமக்கு உண்மையில வேணும்றது அதான். பௌர்ணமி நிலா நேரா மேல நிக்கும்போதே கால் லக்ஸ்தான் தேறும், அதுலயே நாம வரப்புல நடந்து போறோம். தூரம் ரெண்டு மடங்கானா லக்ஸ் நாலுல ஒண்ணா ஆயிடும்ன்றதையும் ஞாபகம் வெச்சுக்கங்க. 10 மீட்டர்ல 40 லக்ஸ் அடிக்கிற லைட்டு 20 மீட்டர்ல 10 லக்ஸ்தான்.

உங்களுக்கு எவ்ளோ தூரம் தெரியணும்? சமதரைல 18 கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு சரியா 5 மீட்டர். கல்ல பாத்து மூளைக்கு ஒறச்சு கை பிரேக்குக்கு போக ஒன்றரை செகண்ட், ஏழரை மீட்டர் போச்சு. நிக்க இன்னொரு நாலு மீட்டர், ஈர ரோடுன்னா அதுக்கும் மேல. ஆக 20 மீட்டர் சுத்தமா தெரிஞ்சா போதும். அதுக்கு நெசமான 300, 400 லூமென்ஸ் தாராளம், கட் ஆஃப் பீம்னா 200 கூட போதும். ஏலகிரி 14 வளைவையும் இருட்டுல 40ல எறங்குறவனுக்கு வேற கணக்கு, அவனுக்கு நிக்கவே 30 மீட்டருக்கு மேல வேணும்.

சத்துவாச்சாரி_டபுள்ஸ்

இன்னாபா இவ்ளோ கணக்கு, பிளஸ் டூ பிசிக்ஸ் மாதிரி கீது. நான் சொல்றேன் கேளு, ஹெல்மெட்ல ஒரு ஹெட் டார்ச் கட்டிக்கோ, ஹேண்டில் பார்ல ஒரு ப்ளிங்க் வுடு, மேட்டர் ஓவர். தல எங்க திரும்புதோ லைட்டும் அங்க திரும்பும், நாயி தொரத்துனா மூஞ்சிலயே அடிக்கலாம், வள்ளு வள்ளுன்னு வர்றது அப்படியே நின்னுடும். நான் மூணு வருஷமா சர்வீஸ் ரோட்டுல இப்படித்தான் ஓட்டுறேன்.

பாலாத்தங்கர

டபுள்ஸு, சர்வீஸ் ரோட்டுல பக்கத்துலயே ஹைவே வெளிச்சம் இருக்கு, உனக்கு எது கட்டுனாலும் ஓடும். அவரு ரோடு அப்படி இல்ல.

தலைல மட்டும் லைட்டு இருந்தா ஒரு பிரச்சன இருக்கு, நீ அடுத்த தடவ கவனிச்சு பாரு. லைட்டும் கண்ணும் ஒரே எடத்துல இருந்து பாக்குறதால பள்ளத்தோட நிழலு பள்ளத்துக்கு பின்னாடியே மறைஞ்சுடும், ரோடு முழுக்க மொழுமொழுன்னு ஒரே மட்டமா தெரியும், குழில எறங்குன அப்புறம்தான் குழின்னு தெரியும். லைட்டு கண்ணுக்கு கீழ, ஹேண்டில்லயோ அதுக்கும் கீழ முன் சக்கரத்த புடிச்சிருக்குற ஃபோர்க் மேலயோ இருந்தா சின்ன கல்லுக்கு கூட நீளமா நிழல் விழும், தூரத்துல இருந்தே கண்ணுல படும். பனில இன்னும் மோசம், தலைல இருந்து அடிக்கிற வெளிச்சம் பனில பட்டு நேரா நம்ம கண்ணுக்கே திரும்பி வரும், வெள்ள வேட்டிய மூஞ்சிக்கு முன்னாடி புடிச்ச மாதிரி. ஹேண்டில்ல ஒண்ணு இருந்து அதுக்கு மேல தலைல ஒண்ணுன்னா நல்லது, காட்டு பக்கம் அமிர்தி ரோட்டுல போறப்ப நானும் கட்டுவேன்.

ப்ளிங்க் பத்தி, டவுனுக்குள்ள தெருவிளக்கு இருக்குற எடத்துல ஓகே. கும்மிருட்டுல மினுக்குற லைட்டு எவ்ளோ தூரத்துல வருது எவ்ளோ வேகமா வருதுன்னு எதிர்ல வர்றவனுக்கு புடிபடாது, நமக்கும் ரோடு விட்டு விட்டுத்தான் தெரியும். அந்த விட்ட நேரத்துலதான் கல்லு வரும்.

பழைய_அட்லஸ்

தம்பிங்களா, டைனமோன்னு வார்த்த காதுல விழுந்ததால நான் வந்துட்டேன். எனக்கு வயசு 67, நெனவு தெரிஞ்சு வாலாஜால இருந்து ராணிப்பேட்டைக்கு வேலைக்கு போனது முழுக்க சைக்கிள்தான், நைட் ஷிஃப்ட்டு உட்பட. அப்பல்லாம் லைட் இல்லாம சைக்கிள் ஓட்டுனா புடிப்பாங்க, டபுள்ஸ் போனாலும் புடிப்பாங்க (மேல ஒரு தம்பி பேரே டபுள்ஸுன்னு வெச்சிருக்கு, அந்த காலத்துல இருந்திருந்தா தினம் மாட்டியிருக்கும்). ஃபைன் கட்ட துட்டு இல்லன்னா வால்வ புடுங்கி காத்த எறக்கி வுட்ருவாங்க, அப்புறம் தள்ளிகிட்டே வீட்டுக்கு போக வேண்டியதுதான். அதனால டைனமோ இல்லாதவன் கைல டார்ச்ச புடிச்சுகிட்டாச்சும் ஓட்டுவான்.

டைனமோ விஷயம் சொல்றேன். பாட்டில் மாதிரி இருக்கும், கிளிப்ப தட்டுனா டயர் பக்கவாட்டுல போய் ஒட்டிக்கும், அது சுத்துனா உள்ள காந்தம் சுத்தும், கரண்ட் வரும். 6 வோல்ட்டு 3 வாட்டு. அதுல முன்னாடி டூமுக்கு, அதான் முன் லைட்டுக்கு 2.4, பின்னாடி சிவப்புக்கு 0.6, கணக்கு சரியா போச்சா? இதுல ஒரு வெவகாரம் உண்டு, முன் பல்பு ஃப்யூஸ் போச்சுன்னா மொத்த கரண்டும் பின்னாடி போய் அந்த குட்டி பல்பும் அடுத்த நிமிஷமே போயிடும். ஒரே ராத்திரில ரெண்டு பல்பு தண்டம். மெதுவா மிதிச்சா மங்கலா எரியும், நின்னா அணைஞ்சுடும், மழைல டயர் வழுக்கி சுத்தவே சுத்தாது, மேட்டுல ஏறும்போது யாரோ பின்னாடி இருந்து கேரியர புடிச்சு இழுக்குற மாதிரி கனமா இருக்கும். கிர்ர்ருன்னு அந்த சத்தம் கேட்டா எங்க தெரு நாயிங்க எழுந்து நிக்கும். இன்னிக்கும் அந்த சத்தம் எனக்கு புடிக்கும், அது வேற.

ஆனா ஆறு மணி தம்பிக்கு நான் டைனமோ சொல்ல மாட்டேன். பெரியப்பா சொல்றது ஆசைல சொல்றது. பாட்டில் டைனமோ பழைய சைக்கிள் கடைங்கள்ல தேடுனா கெடைக்கும், ஆனா உன் சைக்கிள் டயர் பக்கவாட்டுல அதுக்குன்னு கோடு கோடா தடம் இருக்காது, வழவழன்னு இருக்கும், ரப்பர தின்னுடும். இப்ப முன் சக்கரத்து நடு ஹப்லயே டைனமோ வெச்சு வருதாம், என் மருமவன் காட்டுனான், அது சத்தமும் இல்ல இழுவையும் ரொம்ப கம்மி, ஆனா அதுக்கு சக்கரத்தயே புதுசா கட்டணும், உன் பட்ஜெட்ல வராது. பேட்டரி லைட்டே வாங்கிக்கோ. பேட்டரி தீந்துடுச்சுன்ற பயம் டைனமோல கெடையாதுன்றது மட்டும்தான் அதுல பெருசு.

ஒடுகத்தூர்_அம்மா

குறுக்க பேசுறேன், மன்னிச்சுக்குங்க. என் பொண்ணு பிளஸ் ஒன்ல ஸ்கூல்ல குடுத்த சைக்கிள்லதான் டியூஷன் போயிட்டு வருது, திரும்பி வர ராத்திரி எட்டாயிடுது. அந்த சைக்கிள்ல லைட்டே கெடையாது. இங்க 2000, 2500ன்னு பேசுறீங்க, எங்களுக்கு 500க்குள்ளதான் முடியும். மூணு கிலோமீட்டர் தூரம், அதுல ஒரு கிலோமீட்டர் கரும்பு தோட்டம், தெருவிளக்கு இல்ல. கரும்பு ஏத்துன டிராக்டருங்க வேற பின்னாடி ஒரு சிவப்பு லைட்டு கூட இல்லாம நிறுத்தி வெச்சிருக்காங்க. இன்னா வாங்கலாம்?

பாலாத்தங்கர

அக்கா, இதுல மன்னிப்புக்கு என்ன இருக்கு, நல்ல கேள்வி. உங்களுக்கு வேற மாதிரி சொல்றேன். பாப்பா மெதுவா பத்து பன்னெண்டு வேகத்துலதான் வரும், அதுக்கு 10, 12 மீட்டர் தெரிஞ்சா போதும், 100 லூமென்ஸ் லைட்டு நெசமா 100 அடிச்சாலே ஓடிடும். 300, 350 ரூபாய்க்கு சின்ன யூஎஸ்பி லைட்டு வருது, பெட்டி மேல 1000, 2000ன்னு பீத்திக்காம 100, 150ன்னு அடக்கமா போட்டிருக்குறதா பாத்து வாங்குங்க, பொய் கம்மியா சொல்றவன் சரக்கு கொஞ்சம் ஒழுங்கா இருக்கும். மீதில பின்னாடி ஒரு சிவப்பு லைட்டு கண்டிப்பா, உங்க ரோட்டுக்கு முன் லைட்ட விட அதான் முக்கியம்னு கூட சொல்லுவேன். அப்புறம் லாரிக்கு ஒட்டுற ரிஃப்ளெக்டர் டேப்பு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல மீட்டர் கணக்குல கெடைக்கும், பெடல்லயும் மட்கார்டுலயும் கத்திரிச்சு ஒட்டுங்க. பெடல் மேல கீழ போய் வர்றதால அந்த மினுமினுப்ப பாத்ததும் டிரைவருக்கு இது சைக்கிள்னு சட்டுன்னு புரிஞ்சுடும்.

நின்னுட்டிருக்குற டிராக்டருக்கு நம்ம முன் லைட்டுதான் கதி. மெதுவா வர சொல்லுங்க.

பழைய_அட்லஸ்

அம்மா, அந்த சைக்கிள்ல முன்னாடி ஹேண்டில் கழுத்து கிட்ட டூம் மாட்டுற தகடு இருக்கான்னு பாருங்க, லேம்ப் பிராக்கெட்டுன்னு கேட்டா சைக்கிள் கடைல தெரியும். இல்லன்னா தனியா போட்டுக்கலாம், பெரிய துட்டு இல்ல. லைட்ட அதுல மாட்டுனா முன்னாடி கூடைல பை வெச்சாலும் வெளிச்சத்த மறைக்காது. ஹேண்டில் மேல மாட்டி அதுக்கு முன்னாடி புத்தகப்பைய வெச்சா வெளிச்சம் பைக்குத்தான்.

ஆறுமணி_ஷிஃப்ட்

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், இவ்ளோ பேரு பதில் போடுவீங்கன்னு நெனைக்கல. கை பரவால்ல ண்ணா, டிடி போட்டாச்சு.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கட் ஆஃப் லைட்டுல ஒரு மாடல் பாத்து வெச்சிருக்கேன், 400 லூமென்ஸ், 2190 ரூபா, உள்ள 18650 செல்லு 2600 எம்ஏஹெச்னு போட்டிருக்கு, நம்பலாமா? ரெண்டு, அத எந்த சாய்ப்புல மாட்டணும்? பழைய லைட்ட நான் நேரா முன்னாடி பாக்குற மாதிரி வெச்சிருந்தேன், எதிர்ல வர்ற பைக்குக்காரங்க எல்லாம் திட்டிட்டு போவாங்க, ஏன்னு இப்பதான் புரியுது.

பாலாத்தங்கர

18650ன்னா 18 மில்லிமீட்டர் தடிப்பு 65 மில்லிமீட்டர் நீளம், பழைய லேப்டாப் பேட்டரிக்குள்ள வரிசையா இருக்குமே அதே செல்லுதான். நல்ல கம்பெனி செல்லே பொதுவா 2500ல இருந்து 3500 வரைக்கும்தான் வரும். 5000, 9900ன்னு எவனாச்சும் போட்டிருந்தா கண்ண மூடிட்டு பொய்னு சொல்லிடலாம். 2600ன்றது நம்புற நம்பர். செல்லு வெளிய எடுக்குற மாடலா இருந்தா நகை எடை போடுற தராசுல வெச்சு பாருங்க, ஒரிஜினல் செல்லு 45 கிராம் பக்கத்துல இருக்கும். நான் ஒரு தடவ வாங்குனது 28 கிராம், பிரிச்சு பாத்தா உள்ள சின்னதா ஒரு செல்லு, சுத்தி வெள்ளையா மாவு மாதிரி எதையோ அடைச்சு வெச்சிருந்தான்! (நீங்க யாரும் பிரிக்காதீங்க, லித்தியம் தீ புடிக்கும், நான் அன்னிக்கு பண்ணது முட்டாத்தனம்.)

2600ன்னா ஒம்போதரை வாட் அவர், 400 லூமென்ஸுக்கு நாலு வாட்டு, ரெண்டே கால் மணி நேரம் வரும். உங்களுக்கு ஒரு மணி நேரம்தான். பாகாயம் வந்ததும் தெருவிளக்கு, அங்க இருந்து லோவுக்கு எறக்கிடுங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ சார்ஜ் போட்டா போதும்.

சாய்ப்புக்கு செவுரு கணக்கு ஒண்ணு இருக்கு. சைக்கிள செவுத்துல இருந்து 5 மீட்டர் தள்ளி நேரா நிறுத்துங்க, யாராச்சும் மேல உக்காந்தா இன்னும் நல்லது. தரைல இருந்து லைட்டு எவ்ளோ ஒசரம்னு டேப்புல அளங்க. ஒரு மீட்டர்னு வெச்சுக்கலாம். வெளிச்சத்தோட மேல் கோடு 20 மீட்டர்ல தரைய தொடணும்னா 5 மீட்டர்ல அந்த ஒசரத்துல கால்வாசி எறங்கி இருக்கணும், அதாவது செவுத்துல 75 சென்டிமீட்டர்ல. அங்க சாக்பீஸ்ல கோடு போட்டு அதுக்கு கீழ வெளிச்சத்த நிறுத்துங்க. கொஞ்சம் தூரம் கூட தெரியணும்னா கோட்ட ஒரு அஞ்சு சென்டிமீட்டர் ஏத்திக்கலாம், அதுக்கு மேல வேணாம்.

பஸ்ஸுக்காரன் ஹைபீமுக்கு பெரிய லைட்டு பதில் இல்ல. அவன் வேற கணக்கு, நீங்க 2000 அடிச்சாலும் அவனுக்கு மின்மினிதான். அவன் லைட்ட பாக்கவே பாக்காதீங்க, பார்வைய எடது ஓரத்து வெள்ள கோட்டுல வெச்சுகிட்டு வேகத்த கொறைங்க. கண்ணு இருட்டுக்கு முழுசா பழக இருவது முப்பது நிமிஷம் ஆகும், அத ஒரு செகண்டுல கெடுத்துடுவான். நான் ஒரு கண்ண மூடிப்பேன், அவன் போனதும் அந்த கண்ண தொறந்தா ரோடு தெரியும். கிறுக்குத்தனமா தெரியும் ஆனா வேல செய்யுது. எதிர்ல பைக்கு வந்தா லைட்ட கையால ரெண்டு தடவ மறைச்சு மறைச்சு காட்டுங்க, பத்துல நாலு பேரு டிம் பண்ணுவாங்க.

இன்னும் ரெண்டு. சைக்கிள் ஸ்டாண்டுல வெயில்ல நிறுத்திட்டு லைட்ட அதுலயே வுட்டுட்டு போகாதீங்க, திருட்டுக்கு மட்டும் இல்ல, நம்ம ஊரு சித்திர வெயில்ல அந்த கருப்பு டப்பா உள்ள செல்லு வெந்துடும், அடுத்த வருஷம் பாதி நேரம்தான் எரியும். மழைக்கு சார்ஜ் ஓட்டைய மூடுற ரப்பர் மூடி கீழ்ப்பக்கம் இருக்குற மாதிரி மாடல் பாருங்க, ஐப்பசி கார்த்திகைல தெரியும் அதோட அரும.

சத்துவாச்சாரி_டபுள்ஸ்

ஒரு கண்ண மூடிகினு ஓட்றதாம். எதிர்ல வர்ற பொண்ணுங்க தப்பா நென்ச்சிக்க போறாங்க பாத்துக்கோ.

நேத்து நைட்டு நீ சொன்ன மாதிரி லைட்ட கழட்டி ஃபோர்க்ல மாட்டி பாத்தேன். நெசமாத்தான்பா, வேகத்தடைக்கு வெள்ள பெயிண்ட் போயிருந்தா கூட நிழல் தெரியுது. மூணு வருஷம் வேஸ்ட் பண்ணிட்டேன். ஹெட் டார்ச்ச வுட மாட்டேன், நாயிக்கு வேணும்.

ஆறுமணி_ஷிஃப்ட்

பத்து நாள் கழிச்சு வரேன். லைட்டு வந்துடுச்சு. டேப்புல அளந்தா 98 சென்டிமீட்டர் ஒசரம், செவுத்துல 74ல கோடு போட்டேன், சாக்பீஸ் இல்லாம கரித்துண்டுல போட்டதுக்கு எங்க அம்மா பொங்கலுக்குத்தான் வெள்ள அடிச்சோம் இன்னாடா பண்றன்னு ஒரு மூச்சு திட்டுனாங்க. கோடு போட்ட மாதிரியே வெட்டி விழுது வெளிச்சம், புளியமரம் இப்ப தெரியவே மாட்டேங்குது, மொத நாள் அதுவே ஒரு மாதிரி பயமா இருந்துச்சு, மேல எதுவுமே இல்லாத மாதிரி. ரெண்டாவது நாள் பழகிடுச்சு. எதிர்ல வர்றவங்க திட்டுறது நின்னு போச்சு. பழைய லைட்ட தூக்கி போடல, மாத்து லைட்டா பைக்குள்ள கெடக்கு.

ஒரே ஒரு கொற, வேகத்தடைல ஏறி எறங்குனா லைட்டு மூக்க தொங்க போட்டுக்குது. மறுபடியும் கையால தூக்கி வெக்க வேண்டியதா இருக்கு. ரப்பர் பட்ட டைப் மவுண்ட்டு.

அப்புறம் இன்னிக்கு காலைல இடையன்சாத்து தாண்டி அதே எடத்துல மறுபடியும் கல்லு, அஞ்சு இருக்கும். நல்ல தூரத்துலயே நிழல் நீளமா தெரிஞ்சுது, எறங்கி எல்லாத்தையும் ஓரமா உருட்டி வுட்டுட்டு வந்தேன். ஷிஃப்ட்டுக்கு அஞ்சு நிமிஷம் லேட்டு.

பழைய_அட்லஸ்

மூக்கு தொங்குறதுக்கு பழைய டியூப்ல ஒரு துண்டு வெட்டி ஹேண்டில்ல சுத்திட்டு அதுக்கு மேல பட்டைய இழுத்து கட்டு தம்பி, அசையாது. பஞ்சர் கடைல கேட்டா சும்மாவே குடுப்பாங்க.

ஒடுகத்தூர்_அம்மா

பொண்ணு சைக்கிளுக்கு 340ல முன் லைட்டு, 120ல பின் லைட்டு போட்டாச்சு. தகடு இருந்துச்சு அண்ணா, நீங்க சொன்ன எடத்துலயே. பெடல்ல ஸ்டிக்கரு மட்டும் ஒட்ட மாட்டேன்னு அடம் புடிக்குது, லாரி மாதிரி இருக்காம்.